பேச்சியின் தூக்குவாளி

மூன்று நாள் தண்ணீரில் கிடந்த நெல்லுக்கு ஒரு வாடை உண்டு. புளித்ததும் அழுகியதும் கலந்த அந்த வாடை, எழுபதுகளின் தொடக்கத்தில், புதுவயல் அரிசி மில்களின் ஊறல் தொட்டிகளிலிருந்து கிளம்பி எங்கள் ஏழாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஊரே அப்படி நாறியபோதும் அதை ஒரே ஒருத்தியின் தலையில் கட்டினோம். மில் களத்தில் நெல் காயவைக்கும் ஒரு பெண்ணின் மகள் பேச்சியம்மாள். கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் "ஊறல்". வைத்தது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும் எண்ணம் எனக்கில்லை.

யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவது அப்போது எனக்குக் கைவந்த வித்தை. பேச்சியின் குரல் மெல்லியது, கொஞ்சம் மூக்கால் வரும். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பெயர் வாசிப்பார். "பேச்சியம்மாள்" என்றதும் அவள் வாய் திறப்பதற்குள் நான் குனிந்துகொண்டு அவள் குரலில் "உள்ளேன் ஐயா" என்பேன். அவளும் சொல்வாள். "ஒருதரம் சொன்னாப் பத்தாதா ஒனக்கு? எந்திரிச்சு நில்லு" என்பார் ஐயா. பாடம் முடியும்வரை நிற்பாள், என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். நாலைந்து தடவை இப்படி நின்றபின் அவள் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். விளையாட்டு அலுத்து, தோழிகளின் சிரிப்பும் நின்றுபோனது. ஆனால் நான் சொல்லாவிட்டால் அவளுக்கு ஆப்சென்ட் விழும் என்றாகிவிட்டதால், அவளுக்கும் சேர்த்து நானே தினமும் சொன்னேன். அது வாய்ப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் வரவில்லை. சுவரோரம் காலியாக இருந்ததைப் பார்த்தேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பெயர் வந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, ஐயாவும் நானும் தவிர எல்லாரும் கலைந்த பிறகு, முந்தானையெல்லாம் தவிடாக அவளுடைய அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தூக்குவாளி.

"அய்யா, எம்மக பேச்சி வந்துருக்காளாய்யா? காலையில காய்ச்சல்ல மேலு காஞ்சுச்சு. நான் களத்துக்குப் போனப்பெறகு கெளம்பி வந்துருக்கும்போல. வீட்டுல காணம்."

ஐயா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "வந்திருக்காளே. இங்குட்டுத்தான் எங்கயாச்சும் நிப்பா."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. பக்கத்தில் நின்ற என்னிடம் வாளியை நீட்டினார். "ஆத்தா, கஞ்சி இருக்கு. அவ கையில குடுத்துருத்தா. நெல்லு காயுது, நான் ஓடணும்."

"அவ வரலை, சொன்னது நான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மேசைமேல் ஐயாவின் பிரம்பு இருந்தது. நான் வாளியை வாங்கிக்கொண்டேன். சூடு கைக்குத் தெரிந்தது. அந்த அம்மா வேகமாகத் தெருவில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கஞ்சி அப்படியே இருந்தால் குட்டு உடைந்துவிடும் என்று, கடைசி மணிக்கு முன்னால் அதை வேப்பமரத்தடியில் ஊற்றி, வாளியைக் கழுவி அவள் இடத்தில் வைத்தேன். சாமர்த்தியம் என்று அப்போது நினைத்தேன்.

பள்ளிக்கு வரும் வழியில், வேறொரு மில்லின் பின்பக்கம், வெயிலில் காய்ந்த உமிக் குவியலில் சுருண்டு கிடந்தாள் பேச்சி. காய்ச்சல் குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருந்திருக்கும். இருட்டும் நேரத்தில் லாரிக்காரர் ஒருவர் பார்த்துத் தூக்கினார். காரைக்குடி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவே திரும்பாமல் கிடந்து இறந்துபோனாள். "மத்தியானமே கொண்டாந்திருந்தா ஒருவேளை பொழைச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்" என்று அப்பா வீட்டில் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சோற்றை முழுங்கியதும் நினைவிருக்கிறது. காலையில் வகுப்பில் இருந்தவள் மத்தியானம் காய்ச்சலோடு கிளம்பிப்போய் வழியில் விழுந்துவிட்டாள் என்றே ஊர் நம்பியது. பதிவேடு அப்படித்தானே சொன்னது.

எனக்குக் கல்யாணமாகி ஊருக்கு வந்திருந்தபோது பேச்சியின் அம்மா கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள கடைசியா உங்கையால கஞ்சி வாங்கிக் குடிச்சுட்டுப் போச்சுத்தா. வெறும் வயித்தோட போகலேங்கிற நெனப்புலதான் நான் சோறு திங்கிறேன்." அந்தக் கையை உதறிவிட்டு ஓடத் தோன்றியது. ஓடவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது புதுவயலில் நெல்லை இயந்திரத்தில் காயவைக்கிறார்கள். பழைய களங்கள் பலவும் வீட்டு மனைகளாகிவிட்டன. எங்கள் வகுப்பறை இருந்த ஓட்டுக் கட்டடமும் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, எப்படியாவது உண்மையைச் சொல்லிவிடுவதென்று போன மாதம் பேச்சியின் அம்மாவைத் தேடிப் போனேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டதாக அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள். என் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அந்தக் கஞ்சி குடுத்த பிள்ளை? ஒங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல. சாகுறப்பவும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. உள்ள வாங்க, உக்காருங்க, ஏன் வெளியவே நிக்கிறீக?"

"ஆமா, நான்தான்" என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்தேன்.