ஒன்றரை மணி நேரத் தூரத்தில் அண்ணன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை. பினாங்கு ஜார்ஜ்டவுன் கடையொன்றில் தனியாகப் பசியாறிக்கொண்டிருந்தபோது சிங்கப்பூரிலிருந்து அண்ணி அழைத்தார். முந்தின இரவு அண்ணன் மாரடைப்பில் போய்விட்டாராம். இரவு முழுக்க என் கைப்பேசி வழக்கம்போல அணைந்து கிடந்திருக்கிறது.

"நாலு மணிக்குத் தகனம் தம்பி. வந்துருவீங்களா?"

"ஒன்றரை மணி நேரம்தானே அண்ணி, வந்துருவேன்லா. கொஞ்சம் லேட்டானா வெயிட் பண்ணச் சொல்லுங்க."

"இங்க வெயிட் பண்ண மாட்டாங்க தம்பி. குடுத்த டைம் குடுத்ததுதான்."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பினாங்கில் எங்கள் சாவு வீடுகளில், கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமிலிருந்து வரவேண்டிய மைத்துனர் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால்கூடப் பிணம் பொறுமையாகக் காத்திருக்கும். நான் உடன்பிறந்த தம்பி.

ஒன்றரை மணி நேரம் என்பது என் கற்பனையல்ல. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் அறுநூறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பறப்பு என்று இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன். ஏழு ஆண்டுகளாக அண்ணன், "எப்படா வர்றே?" என்று கேட்கும்போதெல்லாம் அதைத்தான் ஒப்பிப்பேன். இவ்வளவு பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க என்ன அவசரம்? மனைவி போன பிறகு எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. அதையும் செலவழிக்காமல் வைத்திருந்தேன்.

அந்த இணையதளம் சொன்னது விமானத்தின் நேரம். காலை விமானத்தில் இடமில்லை. மதிய விமானம் மழையால் தாமதம். பிறகு குடிநுழைவு வரிசை, டாக்சி. தகனக் கூடத்துக்குள் மூச்சிரைக்க ஓடியபோது மணி நாலு இருபது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சவப்பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்! கைகூப்பிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதுக்குச் சற்றும் பொருந்தாத சத்தத்தில் அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், முன்னால் வைத்திருந்த படத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெரியவர். எங்கள் ஆட்கள் நேரம் முடிந்ததும் அடுத்த குடும்பத்துக்கு இடம் விட்டு, பேருந்து ஏறிப் போயிருந்தார்கள்.

நழுவப் பார்த்தேன். அதற்குள் பெரியவரின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரோட பழைய கூட்டாளியா நீங்க?" என்று ஹொக்கியன் சீனத்தில் கேட்டார். பினாங்குக்காரனுக்கு அந்தப் பாஷை புரிந்து தொலைக்கும். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் அவர் பின்னால் நின்றவர்கள் ஐந்தாறு பேர்தான். தலையாட்டினேன்.

"அவருக்காக இப்படி அழ ஒரு ஆளாவது வந்தீங்களே" என்றவர், என் உள்ளங்கையில் ஒரு சிவப்பு நூலும் மிட்டாயும் வைத்தார். சாவுக்கு வந்தவர்களுக்குச் சீனர்கள் அப்படிக் கொடுப்பது வழக்கம். வாசல் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து அந்த மிட்டாயைத் தின்று முடித்த பிறகுதான் அண்ணியை அழைக்கத் துணிவு வந்தது.

இன்றும் அண்ணனை நினைத்துக் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்த மூக்குக்கண்ணாடி முகம்தான். அதை விலக்கிவிட்டு அண்ணனைத் தேடுகிறேன், கடைசியில் அவருக்குத் தலை எவ்வளவு நரைத்திருந்தது என்பதுகூட எனக்குத் தெரியாமல்.