சுக்கான் பிடித்த டொரத்தி

ஆற்றில் எது நடந்தாலும் அது ஸ்டானிஸ்லாஸின் மேசையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். மலேசியாவில், குளுவாங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்தச் சிறு நகரத்தின் நகராண்மைக் கழகத்தில், உரிமப் பிரிவில் அவருக்கு வேலை. கயாக் வாடகைக்கு விடுகிறவர்கள், மீன்பிடிப் போட்டி நடத்துகிறவர்கள், படகில் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாட ஆசைப்படுகிறவர்கள், எல்லோரும் அவரிடம்தான் பெர்மிட் வாங்கியாக வேண்டும். "பொம்பா மீட்புப் படகு நிக்குமா? எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கா?" என்று கேட்பார். நேரான பதில் வராவிட்டால் முத்திரை விழாது. கெஞ்சினாலும் விழாது.

அவர் மனைவி டொரத்தி பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் வேலை பார்த்தார்கள். டொரத்திக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கடற்கரைக்குப் போனால் சவுக்கு மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்து, மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருப்பார். "அவளுக்கு வாளித் தண்ணியே அதிகம்" என்று ஸ்டானிஸ்லாஸ் சொல்வார். டொரத்தியும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு மேலாகச் சனிக்கிழமை காலைகளில் டொரத்தி பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவோடு நடக்கப் போய்வந்தார். திரும்பும்போது தலை ஈரமாக இருக்கும். வியர்வை என்றே கணவர் நினைத்திருந்தார்.

ஆகஸ்டில் ஆற்றுத் திருவிழா வந்தது. டிராகன் படகுப் போட்டிக்கு அனுமதி கொடுத்தது ஸ்டானிஸ்லாஸ்தான். யார் யார் துடுப்புப் போடுகிறார்கள் என்பதெல்லாம் விளையாட்டுப் பிரிவின் வேலை, அது அவர் மேசைக்கு வராது. போட்டியன்று பாலத்துக்குக் கீழே கூடாரத்தில், வாக்கி டாக்கியோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய பிரிவில் வேலை செய்யும் ரூபேந்திரன்.

பெண்கள் போட்டி தொடங்கியது. மூன்று படகுகள் வளைவைத் தாண்டி வந்தன. நடுவில் வந்த படகின் பின்முனையில் ஒரு பெண் நின்றுகொண்டு, நீளமான சுக்கான் துடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றான் ரூபேந்திரன். "அது நம்ம அண்ணி மாதிரி இல்ல?"

"உளறாத லா."

படகு நெருங்கியது. தொப்பிக்குக் கீழே அந்தக் கண்ணாடியை அவருக்குத் தெரியும். போன மாதம் அவரே கூடப் போய் வாங்கிக் கொடுத்த கண்ணாடி. ஆளைத் தெரிகிறது, ஆனால் அவள் அங்கே நிற்க முடியாது. கண் சொன்னதை மனம் ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் படகு பாலத்தூணை நோக்கித் திரும்பியது. வால் பக்கம் தூணில் இடித்தது. படகு சாய்ந்து, நிமிரப் பார்த்து, கவிழ்ந்தே போனது.

கரையில் கூச்சல் எழுந்தது. அவர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். எத்தனையோ பேருக்கு அவர் சொல்லிக் கொடுத்த அவசர வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ரூபேந்திரன் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, பொம்பா படகைக் கூப்பிட்டான்.

பழுப்புத் தண்ணீரில் தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. டொரத்தியைக் காணவில்லை. ஸ்டானிஸ்லாஸ் சப்பாத்துக் காலோடு ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் அளவுக்கு மேல் கால் நகர மறுத்தது. அங்கேயே நின்றார்.

கவிழ்ந்த படகுக்கு அந்தப் பக்கமிருந்து டொரத்தி வந்தார். ஒரு கை படகின் அடிப்பாகத்தைப் பற்றியிருந்தது. மறு கை வெள்ளையம்மாவின் ஜாக்கெட்டை இழுத்துப் பிடித்திருந்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல நிதானமாக அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

பொம்பா தீயணைப்புப் படையினர் எல்லோரையும் கரை சேர்த்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை. டொரத்தி துண்டைப் போர்த்திக்கொண்டு கணவர் முன்னால் வந்து நின்றார்.

"தப்பு என்னுதுதான். தூணு கிட்ட இவ்வளவு இழுக்கும்னு நெனைக்கல," என்றார். பிறகு அவருடைய கால்சட்டையைப் பார்த்தார். "நீங்க ஏன் நனைஞ்சிருக்கீங்க?"

ஸ்டானிஸ்லாஸ் காரில் உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"எப்பயிருந்து இது?"

"வெள்ளத்துக்கு அப்புறம்."

மூன்று வருடங்களுக்கு முந்தைய வெள்ளம். அப்போது ஸ்டானிஸ்லாஸ் அலுவலகத்தில், மாடியில் இருந்த மீட்பு மையத்தில் இரவு பகலாக வேலை பார்த்தார். வீட்டுக்குப் போன் செய்தபோது தண்ணீர் வாசல்படிக்குத்தான் வந்திருக்கிறது, தெருவில் எல்லோரும் நிவாரண மண்டபத்துக்குக் கிளம்புகிறோம் என்றார் டொரத்தி. தண்ணீர் உள்ளே வரும் முன்பே மனைவி போய்விட்டதாக நினைத்து ஸ்டானிஸ்லாஸ் அதை மறந்துவிட்டார்.

"கெளம்பவே இல்ல," என்றார் டொரத்தி. "அதுக்குள்ள நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு. அடுப்பு மேடை மேல ஏறி நின்னேன். படகு பின்கதவு கிட்ட வந்துச்சு. ஆனா ஜன்னல் கம்பிய விட முடியல. எறங்குங்க, எறங்குங்கன்னு சொல்றாங்க, கை விட மாட்டேங்குது. வெரல் வெரலாப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க வீட்டுக்கு வந்ததும், எந்தத் தாமான் குடியிருப்புல எத்தனை பேரக் காப்பாத்துனீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல எங்க சொல்றது?"

ஸ்டானிஸ்லாஸ் வண்டியைக் கிளப்பவில்லை. அந்த அடுப்பு மேடையில்தான் மூன்று வருடமாகத் தினமும் அவர் கோப்பி கலக்கியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அவரே டொரத்தியையும் வெள்ளையம்மாவையும் பயிற்சிக்குக் கூட்டிப் போனார். டொரத்தி படகில் ஏறினார். படகு வளைவில் மறைந்து திரும்பி வரும்வரை ஸ்டானிஸ்லாஸ் கரையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டொரத்தி சொன்னார்: "ஆம்பளைங்க படகுல ஆள் பத்தல. உங்க பேரச் சொல்லட்டுமா?"

"வேணாம்."

"ஏன், வேலையா?"

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. "எனக்கு நீச்சல் தெரியாது," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

டொரத்தி அவரைத் திரும்பிப் பார்த்தார். விளக்கு பச்சையாகி, பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.

"செவ்வாய்க்கெழம சாயங்காலம் பெரியவங்களுக்கு நீச்சல் வகுப்பு இருக்கு," என்றார் பின்சீட்டிலிருந்த வெள்ளையம்மா. "எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே டீச்சர்தான். ரொம்பத் திட்ட மாட்டாங்க."