இரண்டாவது ஆள்

வகுப்பில் அவளை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கூடப் படித்தவர்களுக்கு மீசை அப்போதுதான் அடர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கோ காதோரம் நரைத்துவிட்டது. ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துபவள். அடுத்தவர் எழுத்துக்குக் காலும் கொம்பும் போட்டுப் போட்டு அலுத்துப்போய், "நானும் செய்தி எழுதறேனே" என்று ஆசிரியரிடம் கேட்டாள். "படிச்சுட்டு வா, பாக்கலாம்" என்றார் அவர். தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார். இவள் அதை நிஜமென்று நம்பி இதழியல் முதுகலையில் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் இருந்தது அப்பா மட்டும். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. "யாரு, எப்போ, எங்கேன்னு கேக்கறதுக்கா ரெண்டு வருஷப் படிப்பு? உங்கம்மா படிக்காமலே கேட்டாளே!" என்று கேலி செய்வார். கேலி செய்துகொண்டே மகளுக்கு மதியச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுப்பார்.

பேராசிரியர் ஒருவர் இருந்தார். மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "ஒருத்தர் சொன்னா அது வெறும் பேச்சு. ரெண்டு பேர் தனித்தனியா சொன்னாத்தான் செய்தி" என்பதே அவர் மந்திரம். அவருடைய செய்முறைத் தேர்வு அதைவிடப் பொல்லாதது. அன்றைக்கு வகுப்பறைதான் செய்தி அறை. அவர் ஏற்பாடு செய்த ஆட்கள் மாணவர்களின் கைப்பேசிக்கே கூப்பிட்டு, உண்மையையும் புளுகையும் கலந்து அளப்பார்கள். விசாரிக்காமல் எழுதினால் தொலைந்தது. போன வருடம் ஒருவனிடம் "உன் வீடு பத்திக்கிச்சு" என்றே சொன்னார்களாம். அவன் பதறி ஓட, தேர்வு போயிற்றாம். இதைக் கண்ணால் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை. ஆனாலும் அக்கா உட்பட அத்தனை பேரும் நம்பினார்கள்.

தேர்வன்று காலையில் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வாயுத் தொல்லைதான், நீ கிளம்பு" என்றார். அவள் கிளம்பினாள்.

பாலத்தில் விரிசல் என்று ஓர் அழைப்பு. பள்ளிக்கூடச் சுவர் இடிந்தது என்று இன்னொன்று. இரண்டையும் விசாரித்து எழுதி முடித்தபோது தெரியாத எண்ணிலிருந்து மூன்றாவது வந்தது.

"பெரியாஸ்பத்திரியிலேருந்து நர்ஸ் பேசறேம்மா. உங்க அப்பா தனியா ஆட்டோ பிடிச்சு வந்து அட்மிட் ஆகியிருக்கார். உங்களைப் பாக்கணுங்கறார், சீக்கிரம் வாங்க." அப்பாவின் பெயரையும் சொன்னாள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். உடனே சுதாரித்துக்கொண்டாள். பெயர்தான் சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கிறதே! பேராசிரியர் வேறு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றதை வேற யார் உறுதி பண்ணுவாங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? இதோ படுத்திருக்காரே!"

"நீங்க ஒருத்தர் சொன்னா போதாதுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தாள். பொறியில் சிக்காத பெருமையில் பாவிக்குச் சிரிப்புகூட வந்தது. வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். பொய்யென்று நம்புவதற்கும் இரண்டு பேர் வேண்டும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

தேர்வு முடிந்து வீட்டுக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனபோது அப்பாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அந்தத் தேர்வில் அவள்தான் முதல். சரிபார்ப்புக்கு முழு மதிப்பெண். மூன்றாவது அழைப்பைப் பற்றிப் பேராசிரியருக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. பட்டம் வந்தது, பத்திரிகையில் நிருபர் வேலையும் கிடைத்தது. ஒரு கேள்வி மட்டும் சோறு இறங்கவிடாமல் தொண்டையிலேயே நின்றது. கடைசியில் ஒருநாள் அந்த நர்ஸைத் தேடிப் போனாள்.

"நான் போன்ல பேசினது அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

நர்ஸ் படுக்கை விரிப்பை இழுத்துச் செருகினாள். "ஸ்பீக்கர்ல போட்டிருந்தேம்மா. பொண்ணு குரலைக் கேக்கட்டுமேன்னு."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னார்?"

"சிரிச்சார்மா. 'எம்பொண்ணு சரியாத்தான் கேக்கறா'ன்னார்."

நர்ஸ் நிமிரவே இல்லை. நிஜமோ, இவள்மேல் இரக்கப்பட்டுச் சொன்னதோ. நம்பிவிட வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. ஆனால் வாய் பழகிப்போயிருந்தது.

"அப்போ பக்கத்துல வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்லேம்மா" என்றாள் நர்ஸ். "நான் ஒருத்திதான் இருந்தேன்."