அரிவாளோடு வந்தவர்

போன வருடம் தை மாதக் கடைசியில், கீழ்பென்னாத்தூர் தாண்டி, இன்னும் திறப்பு விழா காணாத ஒரு புதுச் சாலைக்குப் பக்கத்தில் நடந்தது இது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்று பிழைப்பேன் என்று நினைக்கவில்லை.

நான் திருவண்ணாமலையில் கணக்கு டீச்சர். என் கணவருக்குக் கார் பைத்தியம். எனக்குச் சக்களத்தி என்று ஒருத்தி உண்டென்றால் அது எங்கள் டர்போ கார்தான். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பந்தயத் தளத்தில், சில ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களும் சொந்தக் காரை ஓட்டலாம். அதற்காக மாதக்கணக்கில் அதைக் குடைந்துகொண்டிருந்தார். அகலமான புகைக்குழாய் போட்டார். அதற்கு இடம் போதவில்லை என்று, சூட்டைத் தடுக்கும் தகட்டைக் கழற்றிவிட்டார். இரண்டு தோளையும் இடுப்பையும் சேர்த்து இறுக்கி, வயிற்றுக்கு நேரே ஒரே பூட்டில் மாட்டும் பந்தய பெல்ட்டும் வந்தது.

கடைசி வேலை, இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் எவ்வளவு போக வேண்டும் என்று லேப்டாப்பில் திருத்துவது. ஓட்டுகிறவர் திரையைப் பார்க்க முடியாதே, எண்களைக் கவனிக்க என்னை இழுத்துக்கொண்டு போனார்.

ஆளில்லாத சாலை. அவர் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ விசிலடித்தது. என்னைச் சீட்டோடு சேர்த்து யாரோ அழுத்திய மாதிரி மூச்சு அடைத்தது. தினமும் காய்கறி வாங்கப் போகும் அதே காரா இது என்று வாயைப் பிளந்துவிட்டேன். இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டது, சத்தியமாக, நான்தான்.

கொதிக்கும் டர்போவைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும் என்று ஊர்ச்சாலைக்குத் திரும்பினார். அங்கே கொள்ளுச் செடியை அகலமாகப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது சகஜம். போகிற வண்டியெல்லாம் ஏறி ஏறிக் காய் உடைந்து கொள்ளு உதிரும். நாங்களும் ஏறினோம்.

கொஞ்ச தூரத்தில் தீய்ந்த வாசனை வந்தது. அவர் நிறுத்திவிட்டு இறங்கி, குனிந்து பார்த்து, முகம் வெளுத்து நிமிர்ந்தார்.

"செடி பைப்புல சுத்திக்கிச்சு, பத்திக்குது. எறங்கு, எறங்கு."

பெல்ட் பூட்டைத் திருகினேன். திரும்பவில்லை. மாட்டும்போது துப்பட்டா நுனியையும் சேர்த்து உள்ளே திணித்திருக்கிறேன். இழுக்க இழுக்க இன்னும் சிக்கியது. என் காலுக்குக் கீழிருந்து புகை கிளம்பியது. அவர் என் பக்கத்துக் கதவைத் திறந்து பெல்ட்டைப் பிடித்துப் பிய்க்கப் பார்த்தார். அது அசையவில்லை என்றதும் எனக்கு அலறல் வந்துவிட்டது.

அந்த அலறலைக் கேட்டுத்தான் பக்கத்து நிலத்தில் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்தார். நாற்பது வயது இருக்கலாம். கையில் கதிர் அறுக்கும் அரிவாள். என் கணவரைத் தோளால் ஓர் இடி இடித்தார், அவர் சாலையோரப் பள்ளத்தில் போய் விழுந்தார். அந்த அம்மா முழங்காலை என் சீட்டில் ஊன்றி, தலையைப் புகைக்குள் விட்டு, பெல்ட்டை அறுக்க ஆரம்பித்தார். பந்தய பெல்ட் லேசில் அறுபடாது. அவர் புடவைத் தலைப்புக்கு அருகே நெருப்பு எட்டிப் பார்த்தது. அவர் இருமினார், ஆனால் அரிவாள் நிற்கவில்லை. ஒவ்வொரு வாராக அறுத்து, என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வெளியே போட்டார். நிலத்திலிருந்து ஓடிவந்தவர்கள் மண்ணை வாரி வாரி அடித்து நெருப்பை அணைத்தார்கள். காரின் முன்பக்கம் கருகிப்போயிருந்தது.

அந்த அம்மா என்னை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். எனக்கு முன்னால் நின்றுகொண்டு, பள்ளத்திலிருந்து ஏறிவந்த என் கணவரை முறைத்தார். அரிவாள் இன்னும் கையிலேயே இருந்தது.

"யாருமா உன்ன கட்டிப்போட்டது? இந்த ஆளா? பயப்படாத, சொல்லு."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. "என் வூட்டுக்காரருங்க. அது பெல்ட்டுங்க, ரேஸ் காருக்கு மாட்டறது" என்றேன்.

அவர் நம்பவில்லை. "புருஷனா இருந்தா கட்டிப்போடலாமா?" என்றவர், குரலைத் தாழ்த்தி என் காதருகில் சொன்னார். "வூட்டுக்குப் போவ பயமா இருந்தா எங்கூட வந்துடு. இன்னா வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

மெக்கானிக் வந்து சேரும்வரை என் பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை. என் கணவர் பத்தடி தள்ளியே உட்கார்ந்திருந்தார், பாவம்.

இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை. தீப்பிடித்த காரில் மாட்டிக்கொண்ட ஒருத்தியைக் காப்பாற்ற அவர் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ஓர் ஆண் கட்டிப்போட்டுக் கொளுத்துகிறான் என்று நினைத்து, அந்த ஆணையும் நெருப்பையும் சேர்த்தே எதிர்க்க, தனியாக ஓடிவந்திருக்கிறார். அதற்கப்புறம், எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் குரல் பயத்தில் உயர்ந்தால், அது யார் வீட்டு விவகாரம் என்று யோசிப்பதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.