மில் கேட்டிலிருந்து என் வீட்டுக்காரரை முருகன் எழுப்பிக் கூட்டி வந்தான்

முருகன் மேல் பாரத்தைப் போட்டு வாழ்கிற எல்லாருக்கும் மயிலாத்தாளின் கும்பிடு. எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மின்வெட்டு கடுமையாக இருந்த வருஷம் அது. ஆடி மாதத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த நூல் மில்லில் பாதிப் பேருக்கு லே-ஆப் கொடுத்தார்கள். கரண்ட் இல்லை, அதனால் வேலை இல்லை, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று அதற்கு அர்த்தம். வேலை இல்லாத நாளுக்கும் பாதிக் கூலி கொடுத்தாக வேண்டும் என்று சர்க்கார் சட்டம் இருந்தது. ஆனால் தினமும் காலையில் கேட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாத நாளுக்குக் கூலி கிடையாது. வேறு இடத்தில் வேலைக்குப் போகிறவர் எப்படிப் போய்க் கையெழுத்துப் போடுவார்?

அந்தக் கூலியை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் என் பிள்ளைகள் இரண்டு பேரும் கூழுக்கும் வழியில்லாமல் கிடந்திருப்பார்கள். ஆனால் அதை வைத்து வயிற்றை நனைக்கலாம், குடும்பம் நடத்த முடியாது. நான் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போனேன். தைத்து வருகிற பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற வேலை. அங்கே எல்லாரும் பெண்கள்தான்.

ஆவணியில் என் பெரியப்பா மகன் பொன்னுசாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் புதிதாகப் போட்டிருந்தார்.

“மாப்ளே, மெஷினுக்கு ஆள் வேணுமுங்க. கரண்ட் வர்ற நேரத்துல ஓட்டுனாப் போதும். நாளைக்கே வந்துருங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் தலையாட்டி மறுத்தார். “இல்லீங்க. அங்க வந்துட்டா மில்லுல என்ற பேரை அடிச்சுருவாங்க. இத்தன வருச சர்வீஸு. எப்படியும் தொறந்துருவாங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கும் பயம்தான். வருகிற பாதியையும் விட்டுவிட்டு, நாளைக்கு அண்ணன் மெஷினும் நின்று போனால் யார் வாசலில் போய் நிற்பது?

காலையில் கேட்டுக்குப் போவார். கையெழுத்துப் போடுவார். வருவார். பாயில் படுப்பார். முதலில் பிள்ளைகளுக்கு ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் இல்லை. தெருவில் ஒருத்தி, “உங்கூட்டுக்காரருக்கு என்னங்க, படுத்துட்டே சம்பளம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அது அவர் காதில் விழுந்தது. அதன் பிறகு டீக்கடைப் பக்கமே போகவில்லை.

ஐப்பசியில் பாதிக் கூலியும் நின்றது. மில்லை மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள். திறப்பார்களா, கணக்கை முடித்து அனுப்புவார்களா என்று சொல்ல ஆளில்லை. நான் அண்ணனிடம் ஓடினேன்.

“அன்னைக்கே வந்திருக்கோணும் கண்ணு. இப்ப கரூர்க்காரர் ஒருத்தர் ஓட்டறார். புள்ளகுட்டிக்காரர். அவரை எப்படி நிறுத்தறது?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், கூலி நின்ற பிறகும் என் வீட்டுக்காரர் கேட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பூட்டிய கேட்டுக்கு எதிரே, அவரும் கூட வேலை பார்த்த ஆறுமுகம் அண்ணனும் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து வாங்க யாருமில்லை. வாட்ச்மேன்கூட இல்லை. நான் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். மிச்சமிருந்தால் போடு என்பார். ஒரு நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “நான் இல்லீன்னா உங்களுக்கு ஒரு வாய் கொறையும் புள்ள.”

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவரைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

கிருத்திகைதோறும் திருமுருகன்பூண்டிக்கு நடந்து போவேன். பறிகொடுத்தது திரும்பக் கிடைக்கிற தலம் என்பார்கள். மில்லைத் திறந்து விடு சாமி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் கேட்டேன். கார்த்திகையில் கேட்டேன். திறக்கவில்லை. மார்கழிக் கிருத்திகையில் கேட்கவும் வாய் வரவில்லை. சன்னிதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில், “மில்லு வேண்டாஞ் சாமி. என்ற உடம்புல இருக்கற தெம்பை எடுத்து அவருக்குக் குடு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் காய்ச்சல் வந்து விழுந்தேன். எழுந்திருக்கவே முடியவில்லை. பொங்கலுக்கு முன்னால் கம்பெனியில் வேலை நெருக்கடி. மேஸ்திரி பழனாத்தாக்கா வந்து பார்த்துவிட்டு, “உன்ற எடத்தைக் காலியா வெக்க முடியாது மயிலா. நாளைக்கு வேற ஆள் உக்கார வெச்சுருவேன்” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முருகனைத் திட்டினேன். என் தெம்பை எடுத்துக்கொண்டாய், அவருக்கு எங்கே கொடுத்தாய் என்று அழுதேன்.

மறுநாள் விடிந்தபோது அவர் பாயில் இல்லை. வழக்கம்போல் கேட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். மத்தியானம் வரவில்லை. அவர் முன்பு சொன்ன வார்த்தையே காதில் கேட்டது. எழுந்து தேடிப் போகவும் உடம்பில் வலுவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முருகா முருகா என்று கிடந்தேன்.

பொழுது சாய்ந்து வந்தார். தலையிலும் வேட்டியிலும் வெள்ளை நூல் பிசிர் ஒட்டியிருந்தது. என் கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது.

“இதுக்குச் சாணை புடிக்கோணும் புள்ள. மொக்கையாக் கெடக்குது” என்றார்.

பழனாத்தாக்கா பிறகுதான் சொன்னார். காலையில் போய்க் கம்பெனி வாசலில் நின்றாராம். “இது பொம்பளைங்க வேலைங்க அண்ணா, உங்களுக்குச் சரிப்படாது” என்று அக்கா சொன்னதற்கு, “அவ எந்திரிக்கற வரைக்கும் அவ எடத்துல உக்காந்துக்கறேனுங்க” என்றாராம். பெண்கள் சிரித்தார்களாம். அவர் தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தாராம்.

நான் எழ ரொம்ப நாள் ஆனது. தை பிறந்ததும் அதே கம்பெனியில் அவரை மெஷினுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அவர் மில் பக்கம் போகவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். முன்பு மாதிரி வாய்விட்டுச் சிரிக்கிற மனிதராக மட்டும் அவர் திரும்பவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறுமுகம் அண்ணன் அந்தக் கேட்டைவிட்டு எழவே இல்லை. அடுத்த சித்திரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவியும் அதே சன்னிதியில் நின்று அழுதவர்தான். எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசினால் அது பொய்.

ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் முருகனிடம் போய்ச் சொல்லுங்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவனுக்கு வழி சொல்லாதீர்கள். எனக்கு அவன் காய்ச்சலாகத்தான் வந்தான்.

கிருத்திகைதோறும் விடிகாலையில் பூண்டிக்கு நடக்கிறேன். ஆறுமுகம் அண்ணன் மனைவியும் என்னோடு வருகிறார். நீங்களும் வாருங்கள்.