பேரரசியின் பிடரி

பேருந்தில் ஏறியதும் என் தங்கை முன்னால் நிற்பவளின் பின்னந்தலையைத்தான் படிப்பாள். "வகிடு கோணல். அவசரத்துல கிளம்பியிருக்கா," என்று என் காதில் ஓதுவாள். முகம் பார்க்கும் வழக்கமே அவளுக்கு இல்லை.

பதினோரு வருடம் நாலு மாதம் அழகு நிலையத்தில் கொண்டை போட்டவள். இப்போது அருங்காட்சியகத்தின் நாணய அறையில் தற்காலிக உதவியாளர். ரோமாபுரி வெண்கலக் காசுகளில் இருக்கும் பேரரசிகளை, தன் கடைக்கு வந்துபோனவர்கள் மாதிரிதான் பேசுவாள். இவள் வைத்திருப்பது சவுரி, அவளுக்கு முன்நெற்றியில் முடி கொட்டிவிட்டது என்பாள். காசின் மறுபக்கத்தில் நிற்கும் பெண் தெய்வங்கள் மீது அவளுக்கு மதிப்பில்லை. "சாமிங்களுக்கு நூறு வருஷமா ஒரே கொண்டைக்கா. ராணிங்கதான் மாத்தி மாத்திப் போடுவாங்க."

சென்ற மாதம் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க நாணய அறைக்குப் போயிருந்தேன். அவள் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று முடிவு சொல்ல நாணய நிபுணர் வந்திருந்தார். அவர் கையில் எழுத்தெல்லாம் தேய்ந்த ஒரு காசு. அதிலிருந்த பேரரசியின் பிடரிக்குப் பின்னால் விளிம்பும் உடைந்திருந்தது. அடுத்தடுத்துப் பேரரசிகளான ஒரு தாயும் மகளும் உண்டாம். தாய் பின்னலைச் சுற்றி உச்சியில் கொண்டை போடுவாள், மகள் பிடரியில். உச்சியில் கட்டி தெரிகிறது, ஆகவே தாய்தான் என்று அட்டையில் எழுதியே வைத்துவிட்டார்.

பேசாமல் இரு என்று தங்கைக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"சார், அது கொண்டை இல்ல. அழுக்கு."

எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று அவர் கேட்டார். அவள் என்னை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, தலையை அவிழ்த்து, உச்சியில் ஒரு கொண்டை முறுக்கினாள்.

"மேல கட்டினா கழுத்து முடி மேல ஏறும். பாருங்க. உங்க ராணிக்குக் கீழ இறங்குது. ஆடாதக்கா."

அவர் உருப்பெருக்கியை என் பிடரிக்கும் காசுக்குமாக மாற்றி மாற்றிப் பிடித்தார். என் பிடரியை அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. கடைசியில், கட்டியை எடுத்துக் காட்டு என்றார். உள்ளே பின்னல் இருந்தால் வாசலில் டிக்கெட் கிழிக்கப் போகலாம் என்றும் சொன்னார்.

காசின் மேல் நீர் சொட்டவிட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியால் நாற்பது நிமிடம் நெம்பினாள். பச்சைக் கட்டி உதிர்ந்தது. அடியில் படிய வாரிய அலைமுடி. பின்னலின் சுவடே இல்லை.

நிபுணர் தொண்டையைச் செருமினார். என் தங்கை அட்டையை வெறும் பக்கமாகத் திருப்பினாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். இரண்டையும் அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.