கஞ்சி போட்ட வொயர்

கார் வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல்பூச்சுதான் தெரியும். எனக்கு அதன் வயிறு தெரியும். ஒரு காரின் இஞ்சினைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டியவள் நான். சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்குக் கூப்பன் முறை போகாத காலம் அது. திருத்தணியில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் வாடகைக் காரை என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். கிருத்திகைக்கு ரயிலில் வந்து இறங்கும் மெட்ராஸ்காரர்களை மலையடிவாரம் வரை கொண்டுபோய் விடுவார். மற்ற நாளில் கடைக்காரருடைய வேலை. நாங்கள் இரண்டு பேருமே பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது அவர் ஸ்டீரிங்கைப் பிடித்தார். நூல் வந்த பிறகும் விடவில்லை.

என் நைனாவுக்கு அது ஆகவே இல்லை. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நான் ஒரே பெண். வீட்டில் இரண்டு தறி. இரண்டாவது தறி மாப்பிள்ளைக்கு என்று கல்யாணத்தன்றே ஊர் கேட்கச் சொல்லியிருந்தார். அது ஒட்டடை பிடித்துக் கிடந்தது. “எவனோ ஒருத்தன் வண்டிய ஓட்டிகினு கீறான். அவன் வித்துட்டான்னா இவன் தெருவுலதான் நிக்கணும்” என்று பார்க்கும்போதெல்லாம் பொருமுவார்.

அவர் வாய் பலித்துவிட்டது. கூப்பனுக்கு அலைந்து அலுத்துப்போன கடைக்காரர் வண்டியை விற்கப்போகிறேன் என்றார். சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருக்கும் ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு. வண்டி பிடித்தால் வாங்குவார், டிரைவரைப் பிடித்தால் அவரையும் கூட்டிக்கொள்வார். பிடிக்காவிட்டால் நாங்கள் பொதட்டூர்பேட்டைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். சேதி கேட்டதும் நைனா பஸ் பிடித்து வந்துவிட்டார், எங்களைக் கையோடு கூட்டிப்போக. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாரே தவிர, உள்ளே இருந்த சந்தோஷத்தை அவருக்கு மறைக்கத் தெரியவில்லை.

எனக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. பிறந்த வீடு பிடிக்காமல் அல்ல. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை நூல் ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. திருத்தணியில் எனக்கென்று ஓர் அடுப்பு, எனக்கென்று ஒரு கதவு. சாயங்காலம் அவர் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். தறியில் உட்கார்ந்த நாளில் அவர் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. அந்தச் சித்தூர் வேலை எங்களுக்கு வேண்டும். அதற்காகத்தான் நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன்.

“வாங்க வர்றவன் மொதல்ல பானெட்டத்தான் தூக்குவான். இஞ்சின் எப்படி கீதோ அப்படித்தான் டிரைவருன்னு நெனைப்பான்” என்றார் அவர்.

அந்தக் காலத்து பானெட் நடுவில் கீல் வைத்து, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தூக்குகிற மாதிரி இருக்கும். தூக்கிப் பார்த்தால் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களி மாதிரி அப்பிக் காய்ந்திருந்தது. கெரசினும் ரேஷன்தான், விளக்குக்கே போதாது. மூங்கில் சிம்பால் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். பிசுக்கு போகவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சீயக்காய்த் தூளைக் கரைத்துக்கொண்டு வந்தேன்.

“ஐயய்யோ, இது இன்னாடி!”

“எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காதானே? தலையா இருந்தா இன்னா, இஞ்சினா இருந்தா இன்னா?”

கரண்டு போகிற இடங்களை மட்டும் பழைய துணியால் இறுகச் சுற்றி மூடிவிட்டு, தேய்க்க விட்டார். பிசுக்கு கழன்று ஓடியது. தாமிரக் குழாய்களைப் புளி போட்டு விளக்கினேன், குத்துவிளக்கு மாதிரி வந்தன. எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. ஒன்றுதான் உறுத்தியது. பிளக்குகளுக்குப் போகும் வொயர்கள். அப்போதெல்லாம் ரப்பருக்கு மேலே பருத்தி நூலைப் பின்னி உறை போட்டிருப்பார்கள். அந்த நூலெல்லாம் பிசிர் பிசிராகக் கிளம்பி, ஊறின தாம்புக்கயிறு மாதிரி அசிங்கமாக இருந்தது. புது வொயர் வாங்க மெட்ராஸ்தான் போகவேண்டும்.

மறுநாள் அவர் பெட்ரோல் வாங்க அரக்கோணம் போய்விட்டார். நைனா ஷெட்டுக்கு வந்து, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இஞ்சினைப் பார்த்தார். இரண்டு நாளாக வேலையில்லாமல் இருந்தவர். வொயரைத் தொட்டார். விரலால் நீவினார்.

“பருத்திதானேம்மா இது?”

“ஆங், நைனா.”

“இப்படி பிசிர விட்டு வெச்சிகினு கீறானே!” என்றார். வீட்டுக்குப் போய், நான் காலையில் அவருக்கு ஊற்றிவைத்த சோற்றுக் கஞ்சியைக் குடிக்காமல் சட்டியோடு எடுத்துவந்தார்.

பாவுக்குக் கஞ்சி போடுவது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். நெய்வதற்கு முன்னால், துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்துக்கட்டி, கஞ்சி தடவி, தேய்த்துக் காயவிட்டால் பிசிர் படிந்து நூல் முறுக்காக நிற்கும். நைனா அதையே செய்தார். ஒவ்வொரு வொயராகக் கழற்றி, கஞ்சியைப் பூசி, தேங்காய் நாரால் ஒரே பக்கமாக நீவி, வெயிலில் தொங்கவிட்டார். காய்ந்ததும் புத்தம்புது வொயரே தோற்றுப்போகும், அப்படி ஒரு மினுமினுப்பு. அரக்கோணத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “ஜம்முனு கீது மாமா!” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். வொயர்களை மாட்டி, வண்டிக்கு முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார், ஒரே சுற்றில் வண்டி கிளம்பியது. மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தது கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

மறுநாள்தான் சித்தூர்க்காரர் வருகிற நாள். காலையில் ஷெட்டைத் திறந்தால் வொயரெல்லாம் குதறிக் கிடந்தது. கீழே நூல் துணுக்கு, ரப்பர் துணுக்கு, எலிப் புழுக்கை. நூல் உறை முழுக்கப் போய், ரப்பரும் கடிபட்டு, பல இடத்தில் செம்புக் கம்பி வெளியே பல்லை இளித்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கஞ்சி போட்ட பாவை எலிக்குப் பயந்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுகிற வீடு எங்களுடையது. எனக்கு மறந்துபோகலாம், தறியிலேயே தலை நரைத்த மனுஷருக்கா மறக்கும்?

“வேணும்னே பண்ணியா நைனா? நாங்க பொழைக்கக்கூடாதுன்னு பண்ணியா?” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. இன்றைக்கு நடந்தாலும் அப்படித்தான் கத்துவேன், என் சுபாவம் அது.

நைனா சுவரில் சாய்ந்து நின்றார். “நூலத்தாம்மா பாத்தேன். இரும்பு வண்டிக்குள்ள எலி வரும்னு புத்தியில படல” என்றார். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட நேரமில்லை, ஜவுளிக்கடைக்காரரும் சித்தூர்க்காரரும் வாசலில் வந்து நின்றார்கள்.

சித்தூர்க்காரர் நல்ல பருமன், நிதானமான மனுஷர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். அவர் முதலில் பானெட்டைத்தான் தூக்கினார். தாமிரக் குழாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு வொயரைப் பார்த்தார். கிழிந்த ஒரு துண்டை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்தார்.

“ஏமய்யா, இது கஞ்சி வாசனை இல்ல? யாரு போட்டது?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “நான்தான் போட்டேங்க.”

எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

“வண்டி சரி. வொயரு மாத்திக்கலாம்” என்றார் சித்தூர்க்காரர், ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்து. “ஆனா இஞ்சினுக்குக் கஞ்சி ஊத்துற டிரைவரு எனக்கு வேணாங்க. நான் வேற ஆளு பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான், முடிந்தது. நைனா நினைத்து வந்தது அப்படியே நடந்துவிட்டது. அவர் சும்மா நின்றிருந்தாலே போதும், அன்று மத்தியான பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் பொதட்டூர்பேட்டை போயிருப்போம். ஒட்டடை அடித்து இரண்டாவது தறியில் மாப்பிள்ளையை உட்காரவைத்திருப்பார்.

நைனா முன்னால் வந்தார். தெலுங்கில் பேசினார். அதற்குமுன் அவர் யாரிடமும் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு பேசி நான் பார்த்ததில்லை. “நான் போட்டேன் சாமி. மாப்பிள்ளை ஊரில் இல்லாத நேரத்தில் போட்டேன். மாமனாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவன் பொய் சொல்கிறான். நான் நெசவாளி, நூலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அவன் அப்படியில்லை. அவன் கை தறியில் நிற்கவே நிற்காது. அவன் டிரைவர்.”

கடைசி வார்த்தையை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு மட்டும்தான் அது ஏன் என்று தெரியும். அவருக்குத் தெரிந்தவரையில் அதைவிட மட்டமான வேலை கிடையாது.

சித்தூர்க்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார். “என் மண்டியில இருக்கிற எலிங்களுக்கு வெல்லமே கீது, உன் கஞ்சி எதுக்கு?” என்றார். என் வீட்டுக்காரரிடம், “இப்ப இத ஓடவெக்க முடியுமா உன்னால?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சைக்கிள் கடைக்கு ஓடிப் பழைய டியூப் வாங்கிவந்து, நாடா நாடாவாகக் கத்தரித்து, கடிபட்ட இடங்களில் இறுகச் சுற்றினார். நைனா தன் பையிலிருந்து நூலெடுத்து, சுற்றிய ரப்பர் அவிழாமல் முடிபோட்டுக்கொண்டே வந்தார். பார்ப்பதற்கு அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி கோரமாக இருந்தது. ஹேண்டிலை நான்கைந்து தரம் சுற்றியதும் வண்டி இருமியது, அப்புறம் கிளம்பிவிட்டது.

“எப்ப சித்தூருக்கு வர்ற?” என்றார் மண்டிக்காரர்.

நைனா மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். காரில் கொண்டுவிடுகிறேன் என்று மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லியும் ஏறவில்லை. பஸ் ஏறும்போது, “அந்தத் தறிய இன்னா பண்ணப்போற நைனா?” என்று கேட்டேன். “அது எங்க போவுது, இருக்கட்டும்” என்றார்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் சித்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மூட்டை. இஞ்சின் துடைக்கத் தறிக் கழிவு நூல் கொண்டுவந்திருந்தார். அவ்வளவையும் ஏரித் தண்ணீரில் அலசி அலசிக் காயவைத்து, ஒரு பிசுக்கில்லாமல் உதறிக் கட்டியிருந்தார். ஒரு கைப்பிடி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாரும்மா. கஞ்சி இல்ல.”

நான் அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.